எழுத்துக் குறியேற்றம்

எழுத்துக் குறியேற்றம் என்பது மொழிகளின் எழுத்துகளையும் குறிகளையும் கணினி சேமிக்கவும், கையாளவும், பிற கணினிகளுக்கு அனுப்பவும் ஏற்ற எண்களாக மாற்றும் விதிமுறை ஆகும். கணினியின் நினைவகத்தில் எழுத்து என்று ஒன்று இல்லை. எண்கள் மட்டுமே உள்ளன. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கின்றது என்பது, எழுதுபவரின் கணினிக்கும் படிப்பவரின் கணினிக்கும் இடையே உள்ள உடன்பாட்டைப் பொறுத்தது. ஆஸ்கி, இஸ்கி, டிஸ்கி, தாப், தாம், ஒருங்குறி ஆகியன அத்தகைய உடன்பாடுகளே. உடன்பாடு மாறினால், கோப்பில் ஓர் இலக்கம்கூடப் பழுதுபடாத நிலையிலும் உரை படிக்க இயலாததாகிவிடும். 1990களிலும் 2000களின் முற்பகுதியிலும் தமிழில் கணினியைப் பயன்படுத்தியோர் பலர் இதனை நேரில் கண்டவர்கள்.

இரும எண்முறை

அன்றாட வாழ்வில் பயன்படும் பதின்ம எண்முறையில் 0 முதல் 9 வரை பத்து இலக்கங்கள் உள்ளன. ஓர் இலக்கம் இடப்பக்கம் ஓரிடம் நகரும்போது அதன் மதிப்பு பத்து மடங்காகின்றது. இரும எண்முறையில் 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களே உள்ளன. ஓரிடம் நகரும்போது மதிப்பு இரண்டு மடங்காகின்றது. எனவே வலமிருந்து இடமாக இடமதிப்புகள் 1, 2, 4, 8, 16, 32, 64, 128 என அமையும். எடுத்துக்காட்டாக, 01101010 என்னும் இரும எண்ணில் 64, 32, 8, 2 ஆகிய இடங்களில் 1 உள்ளது. இவற்றைக் கூட்டினால் 106 கிடைக்கின்றது.

இரும எண்கணிதத்தை விளக்கும் கட்டுரை ஒன்றைச் செருமானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1703ஆம் ஆண்டில் வெளியிட்டார். மின்சுற்றுகளைக் கொண்டு ஏரணச் செயல்களைச் செய்யலாம் என்பதை அமெரிக்கரான குளோட் ஷானன் 1937இல் தமது முதுநிலை ஆய்வேட்டில் காட்டினார். கணினிகள் இருமத்தைக் கைக்கொண்டதற்குக் காரணம் பொறியியல் சார்ந்தது. ஒரு கம்பியில் உள்ள மின்னழுத்தத்தைப் பத்துப் படிகளாகப் பிரித்து அறிய முயன்றால், சிறு இரைச்சலும் 6ஐ 7 ஆக்கிவிடும். உயர்வு, தாழ்வு என்று இரண்டு நிலைகளை மட்டும் வேறுபடுத்துவது எளிது, மலிவானதும் கூட.

ஓர் இரும இலக்கம் பிட் எனப்படும். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட்டு. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை 256 எண்களுள் ஒன்றை எழுதலாம். நீண்ட இரும எண்களை மனிதர் படிப்பது கடினம் என்பதால் நிரலாளர்கள் பதினறும எண்முறையைப் பயன்படுத்துகின்றனர். இதில் 10 முதல் 15 வரையுள்ள மதிப்புகளுக்கு ஏ, பி, சி, டி, இ, எஃப் என்னும் ஆறு ஆங்கில எழுத்துகள் இலக்கங்களாகக் கொள்ளப்படுகின்றன. நான்கு பிட்டுகளுக்கு ஒரு பதினறும இலக்கம் என்பதால் மேலே கண்ட 01101010 என்பது 6ஏ ஆகும். இது எழுதும் வசதிக்காக மட்டுமே. கணினிக்குள் இருப்பது இருமமே.

ஒரே எண், பல பொருள்

106 என்னும் எண் ஒரு பைட்டில் இருப்பதாகக் கொள்வோம். அது ஒரு மாணவர் பெற்ற மதிப்பெண்ணாக இருக்கலாம். கருப்பு வெள்ளை ஒளிப்படத்தில் ஒரு புள்ளியின் ஒளிர்வாக இருக்கலாம். அப்படியானால் அது நடுத்தரச் சாம்பல் நிறத்தைவிடச் சற்றுக் கருமையானது. இன்டெல் எக்ஸ்86 வகைச் செயலிகளின் பொறிமொழியில் அதே 106, அடுத்து வரும் பைட்டை அடுக்கில் இடுக என்னும் ஆணையைக் குறிக்கின்றது. ஆஸ்கி முறையில் அது ஆங்கிலச் சிறிய ஜே. பாமினி என்னும் தமிழ் எழுத்துருவில் அது த.

இவற்றுள் எது சரி என்பதை அந்தப் பைட்டைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. நிரல்மொழிகளில் மாறிகளுக்கு வகை அறிவிப்பதும், கோப்புப் பெயர்களுக்குப் பின்னொட்டு இடுவதும், இணையப் பக்கங்களின் தலைப்பகுதியில் குறியேற்றத்தின் பெயரைக் குறிப்பிடுவதும் இந்தக் குறையை நிரப்பவே.

இலக்கங்களிலும் இதே வேறுபாடு உண்டு. ஐந்து என்னும் எண் கணினியில் 00000101 என்று இருக்கும். ஆனால் உரையில் தட்டச்சு செய்யப்பட்ட 5 என்னும் குறி ஆஸ்கியில் 53 ஆகும். தொலைபேசி எண்ணை எண்ணாகச் சேமித்தால் அதன் முன்னுள்ள 0 மறைந்துபோவது இதனால்தான். அது கணக்கிடுவதற்கான எண் அன்று. இலக்கங்களால் ஆன உரை.

தந்தி முதல் ஆஸ்கி வரை

எழுத்துகளுக்குச் சம நீளமுள்ள இருமக் குறிகளை ஒதுக்கும் வழக்கம் கணினிக்கு முற்பட்டது. பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோ 1874இல் காப்புரிமை பெற்ற முறையில் ஒவ்வொரு எழுத்தும் ஐந்து அலகுகளால் ஆனது. ஐந்து அலகுகளால் 32 குறிகளே அமையும் என்பதால், எழுத்துகளும் இலக்கங்களும் ஒரே குறிகளைப் பகிர்ந்துகொண்டன. இனி வருவன எழுத்துகள், இனி வருவன இலக்கங்கள் என்று அறிவிக்கத் தனிக் குறிகள் இருந்தன. அந்த அறிவிப்பு வழியில் தவறிப்போனால் எஞ்சிய செய்தி முழுவதும் பொருளற்றதாகிவிடும்.

ஆஸ்கி 1963இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. இது ஏழு பிட்டுகளில் 128 குறியெண்களைக் கொண்டது. இதன் அமைப்பு நன்கு சிந்திக்கப்பட்ட ஒன்று எனலாம். ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ 65 என்னும் எண்ணையும், சிறிய எழுத்து ஏ 97 என்னும் எண்ணையும் பெற்றன. இடைவெளி 32; அதாவது ஒரே ஒரு பிட்டை மாற்றினால் பெரிய எழுத்து சிறியதாகும். இலக்கங்கள் 48 முதல் 57 வரை அமைந்துள்ளதால், கடைசி நான்கு பிட்டுகளே அந்த இலக்கத்தின் மதிப்பைத் தந்துவிடும். ஐபிஎம் நிறுவனம் தனது பெருங்கணினிகளில் எப்சிடிக் என்னும் வேறொரு முறையைப் பயன்படுத்தியது. அதில் பெரிய எழுத்து ஏ 193 ஆகும்.

ஒரு பைட்டில் எட்டாவது பிட் எஞ்சியிருந்ததால் 128 முதல் 255 வரையுள்ள எண்களை ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கேற்ப நிரப்பிக்கொண்டது. 233 என்னும் எண் மேற்கு ஐரோப்பியத் தரத்தில் பிரெஞ்சு மொழியில் வரும் மேற்குறி இட்ட ஈ எழுத்தையும், கிரேக்கத் தரத்தில் அயோட்டா எழுத்தையும், சிரில்லிக் தரத்தில் ஓர் உருசிய எழுத்தையும் குறித்தது.

தமிழும் 256 இடங்களும்

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள் உள்ளன. கிரந்த எழுத்துகள் இவற்றின் வேறானவை. ஆங்கில எழுத்துகளை அப்படியே வைத்துக்கொண்டு, மேல்பாதியில் எஞ்சும் 128 இடங்களுக்குள் இவை அனைத்தையும் அடக்க இயலாது. இதற்குத் தட்டச்சுப்பொறி காலத்திலேயே ஒரு தீர்வு இருந்தது. கா என்பதைக் க என்னும் வடிவமாகவும் துணைக்கால் என்னும் வடிவமாகவும் பிரித்து அடிப்பதே அது. தொடக்ககாலத் தமிழ் எழுத்துருக்களும் இவ்வழியையே பின்பற்றின. எழுத்துகளுக்கு மாறாக, எழுத்தின் வடிவத் துண்டுகளுக்கு எண்கள் தரப்பட்டன.

இவற்றுள் பாமினி போன்றவை ஆங்கில எழுத்துகளின் இடங்களையே எடுத்துக்கொண்டன. பாமினியில் தமிழ் என்று எழுதிய கோப்பில் 106, 107, 112, 111, 59 என்னும் ஐந்து எண்கள் இருக்கும். அந்த எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் இவை முறையே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி எனத் தோன்றும். எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் பொருளற்ற ஆங்கிலக் கோவை தோன்றும். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலமே. தேடுபொறியும் அதனை ஆங்கிலமாகவே அட்டவணைப்படுத்தும். இம்முறையில் ஒரு நன்மையும் இருந்தது: எட்டாவது பிட்டை வெட்டிவிடும் பழைய மின்னஞ்சல் வழங்கிகளைக் கடந்தும் உரை சிதையாமல் சென்றது.

சிக்கல் என்னவெனில் ஒவ்வொரு எழுத்துருவும் தன்போக்கில் எண்களை ஒதுக்கியது. ஒரு நாளிதழின் இணையப் பக்கத்தைப் படிக்க ஓர் எழுத்துரு, மற்றொன்றைப் படிக்க வேறோர் எழுத்துரு எனப் பயனர் தரவிறக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. எழுத்துருவின் பெயர் எளிய உரைக்கோப்பில் சேமிக்கப்படுவதில்லை. ஆதலால் அனுப்பியவர் எந்த எழுத்துருவில் எழுதினார் என்பதைத் தனியே கேட்டு அறிய வேண்டும்.

இஸ்கி, டிஸ்கி, தாப், தாம்

இந்தியத் தர நிறுவனம் 1991இல் இஸ்கி என்னும் தரத்தை வெளியிட்டது. பிராமியிலிருந்து தோன்றிய இந்திய எழுத்துமுறைகள் அனைத்திலும் ஒரே ஒலிக்கு ஒரே எண் என்பது இதன் அடிப்படை. தேவநாகரியின் க, தமிழின் க, வங்காளியின் க அனைத்தும் ஒரே எண்ணைப் பெறும். எந்த எழுத்துமுறையில் காட்ட வேண்டும் என்பது தனியே அறிவிக்கப்படும். இஸ்கி எழுத்துகளை ஒலி வரிசையில் சேமித்தது. எனவே திரையில் சரியாகக் காட்டுவதற்குத் தனி மென்பொருளோ வன்பொருள் அட்டையோ தேவைப்பட்டது. எழுத்துருவை மட்டும் நிறுவிப் பழகியிருந்த தமிழ்ப் பயனர்களிடையே இது பரவவில்லை.

டிஸ்கி 1990களின் பிற்பகுதியில், பல நாடுகளில் வாழ்ந்த தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே உரையாடி உருவாக்கியது. முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய மலேசியாவின் முத்து நெடுமாறனும், மயிலை எழுத்துருவை உருவாக்கிய சுவிட்சர்லாந்துவாழ் கு. கல்யாணசுந்தரமும் இம்முயற்சியில் பங்காற்றினர். இதில் கீழ்ப்பாதி ஆஸ்கியாகவே இருக்க, மேல்பாதியில் தமிழ் வடிவங்கள் இடம்பெற்றன. எனவே ஒரே எழுத்துருவில் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுத முடிந்தது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பல முதலில் டிஸ்கியில் வெளிவந்தவையே.

1999 பெப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு தாப், தாம் என்னும் இரு குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. தாப் இருமொழிக்கானது, தாம் தமிழுக்கு மட்டுமானது. ஆக, புதிய நூற்றாண்டு பிறந்தபோது ஒரே மொழிக்கு ஒன்றோடொன்று பொருந்தாத பல தரங்கள் வழக்கில் இருந்தன. தரம் இல்லாமை ஒரு சிக்கல் என்றால், தரங்கள் பலவாக இருப்பதும் அதே சிக்கல்தான்.

ஒருங்குறி

உலகின் எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே எண் வரிசை என்பதே ஒருங்குறியின் நோக்கம். இதன் முதற் பதிப்பு 1991இல் வெளிவந்தது. தமிழ் அதிலேயே இடம்பெற்றது. தொடக்கத்தில் 16 பிட்டுகள், அதாவது 65,536 இடங்கள் போதும் எனக் கருதப்பட்டது. 1996இல் வந்த இரண்டாம் பதிப்பு முதல் 11,14,112 இடங்களுக்கு வழி செய்யப்பட்டது. 2024இல் வெளியான 16ஆம் பதிப்பில் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட எழுத்துகளும் குறிகளும் உள்ளன.

தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இவற்றின் அமைப்பு இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவத்தைத் தழுவியது. தேவநாகரியின் க 2325 என்னும் குறியெண்ணையும், தமிழின் க 2965 என்னும் குறியெண்ணையும் பெற்றுள்ளன. இடைவெளி 640, அதாவது 128 இடங்கள் கொண்ட ஐந்து தொகுதிகள். தேவநாகரியில் க எழுத்துக்கும் ங எழுத்துக்கும் இடையே மூன்று எழுத்துகள் உள்ளன. அவை தமிழில் இல்லாததால் தமிழ்த் தொகுதியில் அந்த மூன்று இடங்களும் வெறுமையாக உள்ளன. க 2965, ங 2969.

ஒருங்குறி வடிவத் துண்டுகளைக் குறியேற்றுவதில்லை. உயிரெழுத்துகள், அகரமேறிய மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி ஆகியவற்றுக்கே எண்கள் உள்ளன. கெ என்பதில் ஒற்றைக்கொம்பு கண்ணுக்கு முதலில் தெரிந்தாலும், கோப்பில் க முதலிலும் எகரக் குறி அடுத்தும் வரும். இடமாற்றிக் காட்டுவது இயங்குதளத்தின் பணி. விண்டோஸ் 2000 இவ்வசதியைத் தமிழுக்கு அளித்தது. அதற்கு முந்தைய கணினிகளில் ஒருங்குறித் தமிழ் பெரும்பாலும் வெறும் கட்டங்களாகவே தெரிந்தது. ஒருங்குறி பரவப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனதற்கு இது ஒரு காரணம்.

தமிழ் என்னும் சொல்லில் மூன்று எழுத்துகள் உள்ளன என்பது பள்ளி மாணவருக்கும் தெரியும். ஒருங்குறியில் அது த (2980), ம (2990), இகரக் குறி (3007), ழ (2996), புள்ளி (3021) என ஐந்து குறியெண்கள் ஆகும். நிரல்மொழிகள் பலவற்றில் இச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்றே விடை வரும். இச்சொல்லைத் தலைகீழாகத் திருப்பும்படி கேட்டால் ழ்மித என்பதற்கு மாறாக, முன்னால் அநாதையாக ஒரு புள்ளியும் அதன்பின் ழிமத என்பதும் கிடைக்கும். ம எழுத்துக்கு உரிய இகரம் ழ மீது ஏறிவிடுகின்றது. எழுத்து எண்ணிக்கை, வரி முறிப்பு, அழித்தல் ஆகியவற்றைச் செய்யும் நிரல்கள் குறியெண்களைத் தனித்தனியே எண்ணாமல் எழுத்துக் கொத்துகளாகக் கொள்ள வேண்டும். ஆங்கிலத்தை மட்டும் கருத்திற்கொண்டு எழுதப்பட்ட நிரல்கள் தமிழில் தடுமாறுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

யூ.டி.எஃப்-8

குறியெண்ணை முடிவுசெய்வது ஒன்று; அதனைப் பைட்டுகளாக எழுதுவது மற்றொன்று. 2965 என்னும் எண் ஒரு பைட்டில் அடங்காது. இதற்கான முறைகளுள் இன்று இணையத்தில் மேலோங்கி நிற்பது யூ.டி.எஃப்-8. இதனைக் கென் தாம்சன், ராப் பைக் ஆகிய இருவரும் 1992 செப்டம்பரில் வடிவமைத்தனர்.

இம்முறையில் ஆஸ்கி எழுத்துகள் மாற்றமின்றி ஒரு பைட்டாகவே இருக்கும். பிற எழுத்துகள் இரண்டு, மூன்று அல்லது நான்கு பைட்டுகளைப் பெறும். க எழுத்தின் குறியெண்ணான 2965ஐ 16 பிட்டுகளில் எழுதினால் 0000101110010101 ஆகும். இது 0000, 101110, 010101 என மூன்றாகப் பிரிக்கப்படும். முதற் பகுதிக்கு முன் 1110 என்பதும், மற்ற இரண்டுக்கும் முன் 10 என்பதும் சேர்க்கப்படும். இவ்வாறு 11100000, 10101110, 10010101 என்னும் மூன்று பைட்டுகள் கிடைக்கின்றன; பதின்மத்தில் 224, 174, 149. முதற் பைட்டின் தொடக்கத்திலுள்ள மூன்று 1கள் இந்த எழுத்து மூன்று பைட்டுகளைக் கொண்டது என அறிவிக்கின்றன. 10 எனத் தொடங்கும் பைட்டு தொடர்ச்சி என்பது உறுதி. எனவே செய்தியின் நடுவில் ஒரு பைட்டு தொலைந்தாலும் ஓர் எழுத்தே கெடும். அடுத்த எழுத்திலிருந்து சரியாகப் படிக்கலாம். போதோவின் தந்தி முறையில் இருந்த குறை இதில் இல்லை.

இதே மூன்று பைட்டுகளை மேற்கு ஐரோப்பிய விண்டோஸ் குறியேற்றத்தில் படித்தால் 224 மேற்கோடு இட்ட ஏ எழுத்தாகவும், 174 வட்டத்துக்குள் ஆர் எழுதிய பதிவு வணிகக்குறியாகவும், 149 தடித்த புள்ளியாகவும் தோன்றும். தமிழ்ப் பக்கம் ஒன்றில் வணிகக்குறிகள் நிறைந்து காணப்பட்டால் உரை அழியவில்லை, தவறான உடன்பாட்டின்படி படிக்கப்படுகின்றது என்று அறியலாம். உலாவியில் குறியேற்றத்தை மாற்றினால் உரை மீண்டுவிடும். ஆனால் அந்தச் சிதைந்த தோற்றத்தையே யாரேனும் சேமித்து மறுபடியும் குறியேற்றிவிட்டால் மீட்பது கடினமாகின்றது.

தமிழ் என்னும் சொல் டிஸ்கியில் 4 பைட்டுகளையும் யூ.டி.எஃப்-8இல் 15 பைட்டுகளையும் எடுத்துக்கொள்ளும். வன்வட்டுகள் பெரிதாகிவிட்ட காலத்தில் இது பொருட்டன்று. கைப்பேசிக் குறுஞ்செய்தியில் நிலைமை வேறு. ஒரு குறுஞ்செய்தியின் அளவு 140 பைட்டுகள். ஏழு பிட் எழுத்துகளாயின் 160 எழுத்துகள் அடங்கும். தமிழ்ச் செய்தியில் ஒவ்வொரு குறியெண்ணும் இரண்டு பைட்டுகள் என்பதால் 70 குறியெண்களே அடங்கும். புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியே கணக்கு.

வரிசையும் தேடலும்

குறியெண்களின் ஏறுவரிசை தமிழ் நெடுங்கணக்கின் வரிசை அன்று. ன எழுத்து நெடுங்கணக்கில் இறுதியில் நிற்பது. ஒருங்குறியில் அது ந எழுத்துக்கும் ப எழுத்துக்கும் இடையே 2985 என்னும் எண்ணைப் பெற்றுள்ளது. ல, வ, ழ, ள, ற என்பது தமிழ் முறை. ஒருங்குறியிலோ ற (2993), ல (2994), ள (2995), ழ (2996), வ (2997) என்று உள்ளது. புள்ளியின் எண் எல்லா மெய்களின் எண்களையும்விடப் பெரியது. இதனால் வெறும் எண் ஒப்பீட்டில் பகல் முன்னும் பக்கம் பின்னும் வரும். அகராதியில் பக்கம் முன், பகல் பின். சரியான வரிசைக்கு மொழிசார்ந்த தனி வரிசை விதிகள் தேவை. அவ்விதிகள் இன்று பல இயங்குதளங்களிலும் தரவுத்தளங்களிலும் கிடைக்கின்றன. அவற்றைத் தெரிவுசெய்யாமல் விடுவதே வழக்கமான பிழை.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து எண்ணால் வேறுபடுவனவும் உள்ளன. கொ என்பதை க, ஒகரக் குறி என இரண்டு குறியெண்களாகவும், க, எகரக் குறி, துணைக்கால் என மூன்றாகவும் எழுத முடியும். இவ்விரண்டும் சமமானவை என ஒருங்குறித் தரம் அறிவித்துள்ளது. இயல்பாக்கம் என்னும் செயலால் ஒன்றாக்கலாம். ஔ (2964) என்னும் ஓரெழுத்தும், ஒ, ள என்னும் ஈரெழுத்துகளும் அத்தகையன அல்ல. ஔவையார் என்று தேடுபவருக்கு ஒ, ள எனத் தட்டச்சு செய்யப்பட்ட பக்கம் கிடைக்காமல் போகலாம். தமிழ் எண்ணான ௧ என்பதும் க எழுத்தும் இவ்வாறே மயக்கம் தரும்.

டேஸ்-16

ஒருங்குறியின் அமைப்பு தமிழ் இலக்கணத்துக்கு மாறானது என்னும் குற்றச்சாட்டு நெடுநாளாக உண்டு. இலக்கணப்படி க் என்னும் மெய்யோடு அ சேர்ந்து க ஆகின்றது. ஒருங்குறியிலோ க அடிப்படை. அதனோடு புள்ளி சேர்ந்து க் ஆகின்றது. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் டேஸ்-16 என்னும் 16 பிட் குறியேற்றம் இதற்கு மாற்றாக முன்வைக்கப்பட்டது. இதில் எழுத்து எண்ணிக்கையும் அகரவரிசையும் எளிய கணக்கில் அமைந்துவிடும். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியையும் டேஸ்-16 முறையையும் தரங்களாக அறிவித்தது.

எனினும் டேஸ்-16 ஒருங்குறியின் தனியார் பயன்பாட்டுப் பகுதியில் அமைந்தது. அப்பகுதியில் உள்ள எண்களுக்கு உலகளாவிய பொருள் இல்லை. யாரும் எதற்கும் பயன்படுத்தலாம். அதாவது இலக்கணப் பொருத்தத்தைப் பெறுவதற்கு, பொது உடன்பாட்டைக் கைவிட்டுத் தனி உடன்பாட்டுக்குத் திரும்ப வேண்டும். ஒருமுறை ஒதுக்கிய எழுத்தை நீக்குவதோ இடம் மாற்றுவதோ இல்லை என்பது ஒருங்குறியின் நிலையான கொள்கை என்பதால், இருக்கும் வரிசையைத் திருத்தவும் வழியில்லை. நடைமுறையில் இணையமும் கைப்பேசிகளும் ஒருங்குறியையே பயன்படுத்துகின்றன.

தமிழ் எண்கள்

பழைய தமிழ் எண்முறை இடமதிப்பை அடிப்படையாகக் கொண்டதன்று. பத்து (௰), நூறு (௱), ஆயிரம் (௲) ஆகியவற்றுக்குத் தனிக் குறிகள் இருந்தன. 2345 என்பது ௨௲௩௱௪௰௫ என எழுதப்பட்டது. இம்முறைக்குச் சுழியம் தேவையில்லை. அதனால் ஒருங்குறியில் தமிழ்ச் சுழியம் தொடக்கத்தில் இல்லை, 2005இல்தான் சேர்க்கப்பட்டது. முந்திரி (320இல் ஒரு பங்கு), மாகாணி (16இல் ஒரு பங்கு) முதலிய பின்னங்களின் குறிகளும் பழைய அளவைக் குறிகளுமாக 51 குறிகள் 2019இல் தனித் தொகுதியாகச் சேர்ந்தன.

அரை, கால், அரைக்கால், மாகாணி ஆகிய பின்னங்கள் ஒவ்வொன்றும் முந்தியதன் பாதி. எனவே இவற்றை இருமத்தில் துல்லியமாக எழுதலாம். பத்தில் ஒரு பங்கை அவ்வாறு எழுத முடியாது, 0.0001100110011 என முடிவின்றி நீளும். நிரல்மொழிகள் பலவற்றில் 0.1, 0.2 ஆகியவற்றைக் கூட்டினால் 0.30000000000000004 என விடை வருவதன் காரணம் இதுவே. மா என்னும் 20இல் ஒரு பங்கும் கணினிக்கு இதே தொல்லையைத் தரும்.

பழைய ஆவணங்கள்

ஒருங்குறி வழக்குக்கு வருமுன் சுமார் இருபது ஆண்டுக்காலம் தட்டச்சு செய்யப்பட்ட நூல்கள், இதழ்கள், அலுவலகக் கோப்புகள் ஆகியன பல்வேறு எழுத்துருக் குறியேற்றங்களில் உள்ளன. அச்சு வடிவமைப்புத் துறையில் அத்தகைய எழுத்துருக்களின் பயன்பாடு அதன்பின்னும் தொடர்ந்தது. பி.டி.எஃப் கோப்பு ஒன்றில் தமிழ் தெளிவாகத் தெரிந்தும், அதனைப் படியெடுத்து ஒட்டினால் ஆங்கிலக் கோவையாக மாறுவது இதனால்தான். கோப்பில் எழுத்துருவும் பொதிந்திருப்பதால் கண்ணுக்குத் தெரிகின்றது. எண்கள் பழைய எண்களே.

இவற்றை மாற்றப் பொங்குதமிழ் போன்ற குறியேற்ற மாற்றிகள் உருவாக்கப்பட்டன. எண்ணுக்கு எண் மாற்றுவது மட்டும் போதாது. கொம்பு முன்னும் மெய் பின்னும் இருப்பதை மாற்றி அடுக்க வேண்டும். ஆவணத்தின் நடுவே வரும் ஆங்கிலப் பெயர்களையும் இணைய முகவரிகளையும் தொடாமல் விட வேண்டும்; இல்லையெனில் அவை பொருளற்ற தமிழாகிவிடும். பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரக் குறியின் வலப்பகுதிக்கும் ள எழுத்துக்கும் ஒரே எண் என்பதால், மாற்றப்பட்ட உரையில் கௌரி என்பது கெளரி என ஆகின்றது. இணையத்தில் இப்பிழை பரவலாகக் காணப்படுகின்றது. இதனைத் தானியங்கு முறையில் திருத்தச் சொற்பட்டியலின் துணை தேவை.

எழுத்துருவின் பெயர் தெரியாத கோப்பாயின் எண்களின் நிகழ்வைக் கொண்டு குறியேற்றத்தை ஊகிக்கலாம். தமிழ் உரையில் புள்ளி மிக அடிக்கடி வருவது. ஆங்கிலம்போல் தோன்றும் ஒரு கோப்பில் 59 என்னும் எண், அதாவது அரைப்புள்ளி, ஏறத்தாழ ஒவ்வொரு சொல்லிலும் வருமாயின் அது பாமினி வகைக் குறியேற்றமாக இருக்க வாய்ப்பு மிகுதி.